நடுப் பிரிவுக்கு நான் எழுதிய பெயர்

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு நேரே ஸ்கேன் மையத்துக்குப் போனேன். ஒருசந்தி நோன்பு என்பதால் கறுப்புக் காப்பி மட்டும். பத்து மணிக்கே வயிறு இரைய ஆரம்பித்துவிட்டது. வாசலில் பனி உருகிச் சேறாய்க் கிடக்கிறது. புது ஷூ நனைந்தே போனது.

பதினொன்றரை மணி நோயாளிக்குப் பட்டியலில் பெயர் இல்லை, இரண்டு எழுத்து மட்டும். அப்படி இருந்தால் யாரோ தெரிந்த முகம் என்று அர்த்தம். முன்மேசை மரிசோல் அவரைப் பின்வாசல் வழியாகக் கூட்டிவந்தாள். தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தார். ஆனால் அந்த உயரமும் தோளும் இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? எலாடியோ கார்வஹல். நம் ஊர் பேஸ்பால் அணியின் முதல் பந்துவீச்சாளர். இப்போது புளோரிடா பயிற்சி முகாமில் இருக்க வேண்டியவர். 'குடும்ப விஷயமாக இரண்டு நாள் விடுப்பு' என்று நேற்றுதான் செய்தித்தாளில் போட்டிருந்தார்கள்.

இருவரும் ஸ்பானிஷில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். மரிசோலின் அம்மா போர்ட்டோ ரிக்கோ. அவர் டொமினிக்கன். பயந்துபோன ஆளைச் சிரிக்க வைக்க அவளுக்குத் தெரியும்.

நாற்பது நிமிடம் குழாய்க்குள் அசையாமல் படுத்திருந்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தேழு வருடமாகப் பார்க்கிறேன். வலது முழங்கையின் உள்பக்கத்தில் எலும்பு இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும் நார் எலும்பை விட்டுப் பிய்ந்திருந்தது. அறுவை. ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகும்.

எழுந்து உட்கார்ந்ததும் கேட்டார், "மோசமா இருக்கா?"

"நான் படம் எடுக்கறவ மட்டும்தாங்க. டாக்டர்தான் சொல்லணும்."

என் முகத்தையே பார்த்தார். நான் கைப்பட்டையை அவிழ்க்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அவர் போன பிறகு மரிசோல் சொன்னாள்: "போன வாரம்தான் பொண்ணு பொறந்திருக்காம். அணிக்கே இன்னும் தெரியாதாம், ரெஜினா. தன்னோட டாக்டர்கிட்ட பேசிட்டு அடுத்த வாரக் கடைசியில தானே போய்ச் சொல்லப் போறாராம். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னாரு."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்" என்றேன்.

மார்ச் 6, வியாழன்

இன்னிக்கு வேலை எப்படி என்று என் கணவர் ரோமன் கேட்டார். முட்டி ஸ்கேன்தான், வரிசையா முட்டி என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

வெள்ளிக்கிழமைக்குள் கணிப்புச் சீட்டு கொடுக்க வேண்டும். அதை நடத்தும் அல்பின் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார்.

தவக்காலத்து மீன் விருந்தில் சீட்டைப் படிப்பது எங்கள் பங்குக் கோயிலில் பத்தொன்பது வருட வழக்கம். பேஸ்பாலில் இரண்டு லீக், லீக்குக்குக் கிழக்கு, நடு, மேற்கு என்று மூன்று பிரிவு. ஆறு பிரிவிலும் யார் முதலிடம் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். செப்டம்பர் கடைசியில் யாருக்கு அதிகம் சரியோ அவர் பெயரை மண்டபத்துச் சுவரில் தொங்கும் மட்டையில் அல்பின் சூடுபோட்டு எழுதுவார். அவ்வளவுதான் பரிசு. என் தோழி வாண்டா பெயர் அதில் மூன்று முறை. ரோமன் பெயர் இரண்டு முறை. ஆறும் சரியாகச் சொன்னவர் இதுவரை ஒருவரும் இல்லை. நான் நான்கைத் தாண்டியதில்லை. போன வருடம் வாண்டா என் தோளைத் தட்டி, "உனக்கு எதுக்குடி இது, பேசாம மீனை வறு" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனாலும் ஒரு வருடமாக அது உள்ளே கிடக்கிறது. ஐம்பத்து நாலு வயதில் இதெல்லாம் ஒரு மனத்தாங்கலா?

சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினேன். கிழக்கு, பாஸ்டன். மேற்கு, ஹூஸ்டன். நடு என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அது நம் பிரிவு. மண்டபத்தில் எல்லோரும் அங்கே நம் அணியைத்தான் எழுதுவார்கள். அது விசுவாசப் பிரமாணம் சொல்கிற மாதிரி, யாரும் யோசிப்பதில்லை.

எலாடியோ இல்லாமல் நம்மவர்கள் எங்கே முதலில் வரப்போகிறார்கள்? மினசோட்டாதான் வரும். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வேறு எழுதினால் அதுவும் பொய்தானே?

மினசோட்டா என்று எழுதினேன். மீதி மூன்றையும் வேகமாக நிரப்பி உறையை ஒட்டிவிட்டேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறு பெயர் எழுதிய காகிதம், அவ்வளவுதான்.

மார்ச் 14, வெள்ளி

போயிருக்கவே கூடாது.

கூட்டம் ஜாஸ்தி. வறுத்த மீன், உருளைக்கிழங்கு அடை, கோஸ் சாலட், பீர். ஏழு மணிக்கு அல்பின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலி மேல் ஏறினார். முப்பது வருடம் தபால்காரராக இருந்தவர். உறையைக் கிழிப்பதில்கூட ஒரு தோரணை. நடுப் பிரிவு வந்தபோதெல்லாம் அவர் நிறுத்துவார், மண்டபமே நம் அணிப் பெயரைக் கத்தும். பதினாறு சீட்டு அப்படியே போயிற்று. பதினேழாவது என்னுடையது.

"நடுப் பிரிவு…" என்று வழக்கம்போல் நிறுத்தினார். எல்லோரும் கத்தினார்கள். அவர் மட்டும் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மினசோட்டான்னு போட்டிருக்கு."

ஒரே சிரிப்பு. "ரெஜி, பீரை அவகிட்டேர்ந்து வாங்குங்கப்பா!" "ரோமன், வீட்ல ஏதாச்சும் சண்டையா?" ரோமன் முகம் சிவந்துவிட்டது. "எனக்குத் தெரியாதுப்பா, நான் பாக்கவே இல்ல" என்றார்.

வாண்டா மட்டும் சிரிக்கவில்லை. முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பத்தொன்பது வருஷமா நம்மளத்தான எழுதுவ?"

"சும்மா ஒரு மாறுதலுக்கு."

"எலாடியோ ரெண்டு நாள் லீவு போட்டாரே. ஊருக்கு வந்தாராமே." குரலைத் தாழ்த்தினாள். "அவரு கையா ரெஜி?"

அப்போது 'எனக்கு என்ன தெரியும்' என்று சொல்லியிருக்கலாம். சிரித்திருக்கலாம். நான் குனிந்து மீன் முள்ளைப் பொறுக்க ஆரம்பித்தேன். முள்ளே இல்லாத மீன். முகம் கொதித்தது எனக்கே தெரிந்தது. தலை நிமிர்ந்தபோது மேசையில் எட்டுப் பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்று எழுதியே ஆக வேண்டும். அந்தச் சில நொடி, பயத்துக்கு நடுவே, எனக்குப் பெருமையாகவும் இருந்தது. முதல்முறையாக என் கணிப்பை எல்லோரும் நம்பினார்கள்.

மார்ச் 17, திங்கள்

காலை வானொலி. பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கார்வஹலின் முழங்கை பலத்த காயம் என்றும், ரகசியமாக இந்த ஊருக்கு வந்து ஸ்கேன் எடுத்துக்கொண்டார் என்றும், 'ஸ்கேன் மையத்துக்குள்ளிருந்தே கசிந்த தகவல்' என்றும் சொன்னார்கள். சனிக்கிழமை யாரோ நிலையத்துக்கு போன் பண்ணி, அங்கே வேலை பார்க்கிற ஒருத்தரே நம் அணியைக் கைவிட்டுவிட்டார் என்று சொன்னதில் தொடங்கியதாம். அதைப் பிடித்துக்கொண்டு தோண்டியிருக்கிறார்கள்.

டாக்டருக்கு இரண்டு நாள் தாமதமானதாம். அதனால் எலாடியோ இன்று மதியம்தான் அணியிடம் சொல்ல இருந்தாராம். அணிக்காரர்கள் வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

மார்ச் 19, புதன்

மேலாளர் திருமதி ஆம்ஸ்லர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பக்கத்தில் வக்கீல்.

"இந்த நோயாளியைப் பத்தி வெளியில யார்கிட்டயாவது சொன்னீங்களா ரெஜினா?"

"இல்லை."

உண்மைதான். வாய் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. அடுத்து மரிசோல் உள்ளே போனாள். போகும்போது என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டிக் காட்டினாள், 'என்ன கூத்து பாருங்க' என்கிற மாதிரி.

மார்ச் 21, வெள்ளி

தலைவலி என்று சொல்லி மீன் விருந்துக்குப் போகவில்லை. ரோமன் தனியாகப் போனார்.

மார்ச் 24, திங்கள்

மரிசோலை நீக்கிவிட்டார்கள்.

கணினியில் எலாடியோவின் கோப்பை அவள் மூன்று முறை திறந்திருக்கிறாள். நேரம் மாற்றச் சொல்லி அவர் இரண்டு முறை கூப்பிட்டார், திறக்காமல் எப்படி மாற்றுவாள்? அவள் மேசையிலிருந்து அவருக்கு போன் போயிருக்கிறது. பின்வாசல் எது என்று சொல்லத்தான். நடைபாதையில் இருவரும் அவர்கள் மொழியில் பேசிச் சிரித்ததை யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். யாரோ. நாங்கள் பதினோரு பேர் அங்கே.

ஒரு அட்டைப்பெட்டியில் சாமானை அடுக்கினாள். மகள் நயேலி வரைந்த படத்தைச் சுவரிலிருந்து உரித்தாள். என்னிடம் வந்து கட்டிப்பிடித்தாள். என்னைப் போய்!

"நான் சொல்லல ரெஜினா. நீங்களாவது நம்புறீங்கல்ல?"

"நம்புறேன்" என்றேன். நான் நம்பாமல் வேறு யார் நம்புவது? எனக்குத்தானே தெரியும். அவ வண்டியில பெட்டிய நான்தான் தூக்கி வச்சேன். சொல்லல. அப்பக்கூட வாயத் தொறக்கல. என்ன ஜென்மம் நான்?

மார்ச் 27, வியாழன்

முதல் ஆட்டம். ஊர் முழுக்கக் கொடி. எலாடியோவோடு நடத்திவந்த ஐந்து வருட ஒப்பந்தப் பேச்சை அணி கைவிட்டுவிட்டது. 'எங்களிடம் மறைத்தவரோடு மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை' என்று அறிக்கை. அவருக்கு அடுத்த வாரம் அறுவை. தொலைக்காட்சியில் காட்டினார்கள்: கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் நடந்தார், இடது தோளில்.

ரோமன் திரையைப் பார்த்து, "ஒளிச்சு வச்சான்ல, வேணும்" என்றார். நான் எழுந்து துணி மடிக்கப் போனேன்.

ஏப்ரல் 2, புதன்

ரோமனிடம் சொல்லிவிட்டேன். இரவுச் சாப்பாட்டு மேசையில், சூப் ஆறிக்கொண்டிருக்கும்போது. அவர் முன்பே ஊகித்திருந்தார்.

"நீ எதுவும் சொல்லலியே ரெஜி. அவங்களா கண்டுபிடிச்சாங்க."

"கண்டுபிடிக்கற மாதிரி எழுதினேன்ல."

"அது கணிப்பு. யாரு வேணா யாரை வேணா எழுதலாம்."

"மரிசோல் வேலை போச்சே."

"அவ சின்னப் பொண்ணு, வேற கெடைக்கும். உனக்கு அம்பத்தி நாலு. இதைச் சொன்னா உரிமத்தையே புடுங்கிடுவாங்க. அப்புறம்?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு போனார். குழாயைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, "நம்ம அணியையாவது எழுதித் தொலைச்சிருக்கலாம்" என்றார். கோபம் எதில் அவருக்கு, ரகசியம் கசிந்ததிலா, நம் அணியை எழுதாததிலா? எதில் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டிலுமாக இருக்கலாம்.

ஏப்ரல் 5, சனி

பாவசங்கீர்த்தனம் போனேன். ஃபாதர் முழுக்கக் கேட்டார். "என்கிட்ட சொல்லிட்டம்மா. சரி. சொல்ல வேண்டிய எடத்துல சொல்லிட்டியா?" என்றார். மன்னிப்பைக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார். அதுதான் பொறுக்க முடியவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

திருமதி ஆம்ஸ்லர் பேனாவை மூடி வைத்தார். "ஒரு விளையாட்டுச் சீட்டுக்காகவா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்றுகூடத் தோன்றியது. பணக்கஷ்டம், மிரட்டல், ஏதாவது. ஒன்றும் இல்லை. ஒரு மட்டையில் என் பெயர் வர வேண்டும் என்று இருந்தது.

எழுதித் தரச் சொன்னார். ஒன்றரைப் பக்கம். கடைசி வரியில், மரிசோல் வேகாவுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று எழுதி அடிக்கோடு போட்டேன். மதியத்துக்குள் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். உரிம வாரியத்துக்கும் எழுதப் போகிறார்களாம்.

வெளியே வெயில் அடித்தது. எங்கே போவதென்று தெரியாமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

மரிசோல் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவள் உள்ளே கூப்பிடவில்லை. திருமதி ஆம்ஸ்லர் நேற்றே போனில் சொல்லிவிட்டாராம்.

"நீங்களா வந்து சொல்வீங்கன்னு நெனச்சேன். அவங்க சொல்லித்தான் தெரிஞ்சுது."

"நேத்திக்கே வந்திருக்கணும். தைரியம் வரல."

"தைரியம்!" சிரித்தாள். "அன்னிக்கு உங்களக் கட்டிப்புடிச்சு அழுதேனே, ஞாபகம் இருக்கா? என் பெட்டிய நீங்க தூக்கினீங்க."

"இருக்கு."

"எதுக்கு? எதுக்காகப் பண்ணீங்க, அத மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். சீட்டு, வாண்டா, மட்டை. சொல்லச் சொல்ல அது சின்னதாகிக்கொண்டே போயிற்று.

"எங்க அம்மா அந்த மேலாளரம்மா முன்னாடி போய் நின்னாங்க தெரியுமா? எம் பொண்ணு அப்படிப்பட்டவ இல்லன்னு, தெரிஞ்ச அரைகுறை இங்கிலீஷ்ல. ஒரு மட்டைல உங்க பேரு வரணும்னு." அவள் குரல் உடைந்தது. உள்ளே நயேலி, "யாரும்மா?" என்றாள். "யாரும் இல்ல" என்றாள் மரிசோல்.

எலாடியோவுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். எப்படியாவது சேர்ப்பாயா என்று நீட்டினேன்.

தொடவில்லை. "அவருக்கு நீங்க யாருன்னே தெரியாது. மன்னிக்கிற வேலையும் அவருக்கு எதுக்கு? கை வலியோட அது வேறயா?"

கதவைச் சாத்திவிட்டாள். மெதுவாகத்தான் சாத்தினாள். மூன்று மாடி இறங்கினேன். கடிதத்தை வீட்டில் அடுப்பில் எரித்தேன். அவள் சொன்னது சரி. அதில் பாதி வரிகள் என்னைப் பற்றித்தான் இருந்தன.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவைப் பாதை முடிந்து அல்பின், வாண்டா, இன்னும் நாலைந்து பேர் மண்டபத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். என் சீட்டை எடுத்துவிடுங்கள் என்றேன்.

அல்பின் கழுத்தைச் சொறிந்தார். "போட்ட சீட்டைத் திருப்பி எடுக்கறது இதுவரைக்கும் இல்லியே ரெஜி. கிடக்கட்டும். எண்ணிக்கையில சேர்க்கல, சரியா?"

வாண்டா அழுதுவிட்டாள். "நான் கேட்டிருக்கக் கூடாது. எங்க கொழுந்தன்தான்டி போன் பண்ணது. எனக்கு மறுநாளே தெரியும்."

அப்படியானால் மரிசோல் பெட்டி கட்டியபோது இவளுக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு நாற்காலியை அடுக்கினோம்.

மே 12, திங்கள்

மரிசோலை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்களாம். ஐந்து வாரம் அவர்களைக் காத்திருக்க வைத்துவிட்டுத்தான் இவள் போனாள். அப்படித்தான் செய்ய வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

உரிமம் ஒன்றரை வருடத்துக்கு நிறுத்திவைப்பு. முழுக்கப் பறிக்கவில்லை, நானே வந்து சொன்னதால்.

கால்நடை மருத்துவமனை ஒன்றில் நாயைப் பிடித்துக்கொள்கிற வேலை கிடைத்திருக்கிறது. படம் எடுப்பவன் வேறு ஒருத்தன். நான் வெறுமனே பிடிக்கிறேன். இன்று ஒரு கிழட்டு நாய் என் கையை நக்கிக்கொண்டே இருந்தது. அதன் சொந்தக்காரி, "உங்கள ரொம்பப் பிடிச்சுப் போச்சு அதுக்கு" என்றாள். கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பருவம் முடிந்தது. நடுப் பிரிவில் நம் அணி முதலிடம். எலாடியோ இல்லாமலே. மூன்றாம் வரிசைப் பந்துவீச்சாளர்களை வைத்து, ஒரு ஆட்ட வித்தியாசத்தில். தெருவெல்லாம் ஊதல் சத்தம். ரோமன் பக்கத்து வீட்டுக்காரரைத் தூக்கியே விட்டார்.

மற்ற ஐந்தும் நான் எழுதியபடியே வந்திருக்கின்றன. மண்டபத்தில் யாரும் அதைச் சொல்லப் போவதில்லை. நானே செய்தித்தாளை வைத்துச் சரிபார்த்தேன். எதுவும் தெரியாதவளாக, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு நம் அணியை எழுதியிருந்தால் ஆறும் சரி. பத்தொன்பது வருடத்தில் முதல் ஆள்.

ரோமன் உள்ளே வந்தார். நான் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அவரும் எண்ணியிருப்பார். "சாப்பிடலாம் வா" என்றார்.

நவம்பர் 8, சனி

காய்கறிக் கடையில் மரிசோலைப் பார்த்தேன். ஏழு மாதம் கழித்து. பூசணிக்காய்க் குவியலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் திரும்பிப் போய்விட நினைத்தேன், அதற்குள் நயேலி ஓடி வந்து, "நீங்கதான எங்கம்மாவோட வேலை பாத்தீங்க?" என்றாள். முன்பல் இரண்டும் இல்லை.

மரிசோல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நலமா என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கேட்டோம். நாய்களைப் பற்றிச் சொன்னேன். லேசாகச் சிரித்தாள்.

பிறகு, பழைய பழக்கத்தில்தான் இருக்க வேண்டும், என் பக்கம் சாய்ந்து, "எலாடியோ போன வாரம்…" என்று ஆரம்பித்தாள்.

நிறுத்திவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. யோசித்து முடித்துவிட்ட பார்வை.

"இல்ல. அத நான் உங்ககிட்ட சொல்லக் கூடாது."

"சொல்லாத" என்றேன்.

நயேலிக்குப் பல் எப்போது விழுந்தது என்று கேட்டேன். ஒன்று ஆப்பிளில், ஒன்று பள்ளிப் பேருந்தில் என்று அவளே வாயைத் திறந்து காட்டிச் சொன்னாள். புதுப் பல்லின் விளிம்பு வெள்ளையாகத் தெரிந்தது. மரிசோல் குனிந்து, தானும் அப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தாள்.